தங்கத்தில் நூறு நாள்

மாட்டுத்தாவணியில் இறங்கி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருக்கும் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெயரைச் சொன்னேன். 'தங்கம் தியேட்டருங்களா? ஏறுங்கண்ணே' என்றார் ஆட்டோக்காரர். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். தியேட்டரைத் தொண்ணூறுகளிலேயே மூடி, பிற்பாடு இடித்தும் விட்டார்கள். எந்தப் படத்தை அதில் பார்த்திருப்பாரோ!

'ஆசியாவிலேயே பெரிசு' என்று மதுரைக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மொத்தம் 2,563 இருக்கைகள். மதுரை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, டோக்கியோவில் 1933-ல் திறந்த நிஹோன் கெகிஜோவில் ஏறக்குறைய 4,000 பேர் உட்காரலாம் (அதையும் 1981-ல் இடித்தாயிற்று). ஆசியாவை விட்டுத்தள்ளுங்கள். தங்கத்தின் பெருமை அந்தப் போட்டியில் இல்லை.

1952 தீபாவளிக்கு அங்கே முதல் படம் 'பராசக்தி'. சிவாஜிக்கும் அதுதான் முதல் படம். கலைஞரின் வசனத்தை நாடக மேடைக் குரலில் ஏற்றி இறக்கிப் பேசுகிறார். அந்தக் கோர்ட் ஸீனை இன்று வீட்டில் டி.வி.யில் பார்த்துவிட்டு, 'என்ன சார், இப்படிக் கத்தறாரு' என்கிறோம். அது சோபாவில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கான நடிப்பே இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் விசிலடிக்க, அதையும் மீறிக் கேட்கவேண்டிய குரல். அந்தக் கால நடிப்பை 'மிகை' என்று எழுதும் விமர்சகர்கள், கொட்டகையின் அளவையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் புண்ணியம்.

ஒரு சின்னக் கணக்கு. தினம் மூன்று காட்சி, எல்லாம் ஹவுஸ்ஃபுல் என்றால் 7,689 பேர். 1951 சென்ஸஸ்படி மதுரையின் ஜனத்தொகை சுமார் 3.6 லட்சம். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒரு தடவை என்று வைத்தால் 47 நாளில் ஊரே பார்த்து முடித்துவிடும்! அப்புறம் சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் வரவேண்டும், பார்த்தவர்களே மறுபடி வரவேண்டும். தங்கத்தில் ஒரு படம் நூறு நாள் என்றால், முந்நூறு சீட் அரங்கத்து நூறு நாளோடு அதை ஒரே போஸ்டரில் போடுவது அநியாயம்.

அதே கணக்குதான் காலையும் வாரியது. முந்நூறு பேர் வந்தால் மல்டிப்ளெக்ஸ் அரங்கம் நிறைந்துவிடும். தங்கத்தில் அதே முந்நூறு பேர் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி ஆங்காங்கே இருப்பார்கள். கரண்ட், கூலி, பராமரிப்பு எல்லாம் முழுக் கூட்டத்துக்கு உள்ளதுதான். வீட்டுக்கு வீடு டி.வி., வீடியோ, பிறகு கேபிள் வந்தபின் எந்தப் படம் தினமும் ஏழாயிரம் பேரைக் கூட்டிவரும்?

தமிழ் சினிமா வரலாறு என்று புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நடிகர் உண்டு, பாட்டு உண்டு, கட்சி உண்டு. பார்த்தவன் எங்கே உட்கார்ந்தான், என்ன கொடுத்தான், எத்தனை மணிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தான் என்பது மட்டும் அபூர்வம்.

அங்கே படம் பார்த்தவரா நீங்கள்? என்ன படம், எந்த வகுப்பு, டிக்கெட் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பழைய நோட்டீஸோ டிக்கெட் கிழிசலோ பீரோவில் அகப்பட்டால், தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.