எர்ஜேயின் ‘நீலத் தாமரை’ அட்டை ஓவியம்

பெல்ஜிய ஓவியர் எர்ஜே, டின்டின் வரிசையில் வந்த ‘நீலத் தாமரை’ நூலின் அட்டைக்காக 1936-ல் வரைந்த ஓவியம், 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 32 லட்சம் யூரோவுக்கு விற்றது. அதுவரை எர்ஜேயின் எந்த ஓவியமும் இந்த விலையைத் தொட்டதில்லை. இத்தனைக்கும் அது அச்சேறாத ஓவியம். வண்ணங்கள் அதிகம், அச்சுச் செலவு கட்டுப்படியாகாது என்று ஒதுக்கப்பட்டு, பதிப்பாளர் குடும்பத்தில் பல்லாண்டுகள் மடித்த தாளாகவே கிடந்தது. மடிப்புத் தடங்கள் இன்றும் தெரிகின்றன.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு டிராகன்; கீழே பீங்கான் ஜாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் டின்டின். அச்சான அட்டையில் நிறங்கள் இடம் மாறின: சிவப்பின் மேல் கறுப்பு டிராகன். அது எடுப்பாக இருக்கிறது. ஆனால் இருளிலிருந்து ஆபத்து நெருங்கும் உணர்வு அதில் இல்லை.

2022-ல் அமெரிக்காவில் மைக் செக் வரைந்த 1984-ஆம் ஆண்டு ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று 33.6 லட்சம் டாலருக்குப் போனது. நாயகனின் கறுப்பு உடை பிறக்கும் பக்கம் அது. அங்கே விலை பெற்றது கதைத் திருப்பமே. நாயகனின் மவுசு குறைந்தால் அந்த விலை நிற்பது கடினம். எர்ஜேயின் தாளை, டின்டினை அறியாதவரும் நின்று பார்ப்பார்.