நஃப்ஸிடம் கணக்குக் கேட்பது

அரூரை அடுத்த தீர்த்தமலையில் இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என ஐந்து தீர்த்தங்கள். தூய்மையே வழிபாட்டின் வாசல் என்பதில், அங்கே நீராடுகிறவருக்கும் பள்ளிவாசல் தடாகமான ஹவுலில் உளூ என்னும் அங்கசுத்தி செய்கிறவருக்கும் கருத்து வேறுபாடில்லை. தண்ணீர் எதுவரை போகும் என்ற கேள்வியை இஸ்லாமிய மரபு விடாமல் கேட்டுவந்திருக்கிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தூய்மைக்கு நான்கு படிகள் வகுத்தார்: உடலின் அழுக்கு நீங்குவது, உறுப்புகள் பாவத்தை விட்டு விலகுவது, உள்ளம் பொறாமையையும் பெருமையையும் உதறுவது, இறைவனைத் தவிர வேறெதுவும் அங்கே குடியிராமல் போவது. ‘தஸ்கியா’ எனப்படும் இந்த அகத்தூய்மையைப் பயிற்றும் பள்ளிகள் பல. ஒருவர் வளர்ந்தாரா என்று அவை அளக்கும் கோல் ஒன்றுதான். அவரோடு வாழ்கிறவர்கள் அவரால் படுகிற பாடுதான் அந்தக் கோல் என்பது என் துணிபு.

பள்ளிகளின் போக்கு ஒன்றுக்கொன்று வெகுதூரம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காதிரிய்யா, ஷாதுலிய்யா தரீக்காக்கள் என்னும் சூஃபி நெறிகள், ஷெய்கு என்னும் குருவின் வழிகாட்டலில் திக்ர் என்னும் இறைநினைவையும் ராத்திப் என்னும் கூட்டு ஓதலையும் பயிற்றின. குணங்குடி மஸ்தான் சாகிபு இல்லறம் துறந்து, நஃப்ஸ் என்னும் தன் கீழ்மனத்தோடு பாட்டாலேயே மல்லுக்கட்டினார். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரஸாக்கள் கல்வியின் வழியே ஒழுக்கத்தை ஊட்டின. 1920களில் மேவாத்தில் மௌலானா முகம்மது இல்யாஸ் தொடங்கிய தப்லீக் பணியோ, மூன்று நாள், நாற்பது நாள் என்று வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்கிறது.

இத்தனைக்கும் அடியில் ஓடுவது ‘முஹாஸபா’ என்னும் தன்கணக்கு. கஸ்ஸாலி இதைக் கூட்டு வியாபாரமாகவே பார்க்கிறார். நஃப்ஸ் நம்பி முதல் கொடுக்கப்பட்ட பங்காளி. காலையில் அதனிடம் நிபந்தனை பேசவேண்டும்: இன்று நாக்கு புறம் பேசாது, கண் தவறான இடத்துக்குப் போகாது என்று. பகல் முழுக்கக் கண்காணிப்பு. இரவில் வரவு செலவு. குறை தெரிந்தால் தண்டனை உண்டு, கூடுதல் வணக்கத்தால் ஈடுகட்டுவது உண்டு, கடிந்துகொள்வதும் உண்டு. கப்பலேற்றிய சரக்குக்குக் கணக்கெழுதிப் பழகிய மரைக்காயர்களின் ஊர்களில் இந்தப் பாடம் எளிதில் விளங்கியிருக்கும்.

நபிகள் காலத்தில் தரீக்கா இருந்ததா, குர்ஆனும் நபிவழியான சுன்னாவும் போதாதா என்று சீர்திருத்தவாதிகள் கேட்கிறார்கள். ஷெய்கின் மேல் வைக்கும் மரியாதை எல்லை மீறுகிற இடங்களில் அந்தக் கண்டனம் நியாயமானது. ஆயினும் வேதத்தைக் கற்பிப்பதோடு மக்களைத் தூய்மைப்படுத்துவதையும் நபியின் பணியாகக் குர்ஆனே (62:2) சொல்கிறது. அந்த நோக்கத்துக்குப் பிற்காலத்தார் வகுத்த பயிற்சிமுறையைக் கருவியாக மட்டும் கொண்டால், மறுக்க அதில் என்ன இருக்கிறது? பயன் தராத கருவியை விட்டுவிடலாம். நோக்கத்தை விட முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: தன் உள்ளத்தையே துருவிக்கொண்டிருப்பவன் ஊருக்கு எதற்கு ஆவான்? இதற்கு விடை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ‘முஃப்லிஸ்’ ஹதீஸில் இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஜகாத் என்று நிறைந்த கையோடு மறுமைக்கு வருகிறான் ஒருவன். ஆனால் ஒருவரை ஏசியிருக்கிறான், இன்னொருவர் பொருளைத் தின்றிருக்கிறான், வேறொருவரை அடித்திருக்கிறான். அவன் நன்மைகளெல்லாம் அவர்களுக்குப் பங்கு போகின்றன. நன்மை தீர்ந்தபின் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏறுகிறது. அவனே ஓட்டாண்டி. ஆக, இரவில் பார்க்கும் கணக்கில் முதலில் வரவேண்டியவை கூலியாளின் பாக்கியும் உடன்பிறந்தாளுக்குச் சேரவேண்டிய பங்கும்தான். திக்ரில் கண்ணீர் வருகிறதா என்பது அதற்குப் பிறகு.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற இமாமுல் அரூஸ் (1816–1898) இதை நன்கு உணர்ந்தவராகவே எனக்குத் தெரிகிறார். அவர் ஒரு தரீக்காவின் ஷெய்கு. இருந்தும் ‘மகானீ’ என்ற சட்டநூலை, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் எழுதினார். அரபு மொழி அறியாத பெண்களும் வியாபாரிகளும் யாருக்கு எது கடமை, எது யாருடைய உரிமை என்பதைத் தங்கள் வீட்டிலேயே படித்துத் தெரிந்துகொள்ள அதனால் வழி பிறந்தது.