ஹெர்மன் மெல்வில்லின் எழுத்து வாழ்வும் பாடச் சிக்கல்களும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் (1819–1891) இளமையில் புகழ்பெற்று, நடுவயதில் வீழ்ந்து, பின்னர் மௌனமாகி, இறந்தபின் மீட்கப்பட்டவர் என்றே அவர் வரலாறு பெரும்பாலும் கூறப்படுகிறது. இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பங்களில் அச்சுப் பிழை, விடுபாடு, கையெழுத்துப்படி வாசிப்பு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆகவே மெல்வில்லைப் பற்றிய மதிப்பீடு மூலபாட ஆய்விலிருந்து தொடங்க வேண்டும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மெல்வில், மோபி டிக், பில்லி பட், மூலபாடத் திறனாய்வு, பாடவேறுபாடு.

முன்னுரை

1841 ஜனவரியில் அகுஷ்னெட் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்ட மெல்வில், மறு ஆண்டு மார்க்கேசஸ் தீவுகளில் அதிலிருந்து தப்பியோடினார். அங்குப் பெற்ற பட்டறிவிலிருந்து டைப்பி (1846), ஓமூ (1847) ஆகிய நூல்கள் பிறந்தன. இளம் எழுத்தாளருக்குப் புகழும் வந்தது. 1851இல் மோபி டிக் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பியர் வெளியானபோது, அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்னும் பொருள்படத் தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டது ஒரு நியூயார்க் நாளிதழ். ஐந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்திற்கு ஆசிரியரின் போக்கை மட்டும் காரணமாகக் காட்டுவது போதுமா என்பதே இங்கு எழும் வினா.

முடிவுரை இழந்த நாவல்

மோபி டிக் முதலில் லண்டனில், ரிச்சர்ட் பென்ட்லியின் வெளியீடாக, 1851 அக்டோபரில் 'திமிங்கிலம்' எனப் பொருள்படும் தலைப்பில் மூன்று தொகுதிகளாக வந்தது. நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் நவம்பரில் வெளியிட்டது. லண்டன் பதிப்பில் சமயத்தையும் அரசையும் இழிவுபடுத்துவனவாகக் கருதப்பட்ட பகுதிகள் நீக்கப்பட்டன. நூலின் தொடக்கத்தில் அமைய வேண்டிய மேற்கோள் திரட்டு மூன்றாம் தொகுதியின் இறுதிக்குச் சென்றது. நாவலின் முடிவுரையோ முற்றாக விடுபட்டது.

கதைசொல்லியான இஷ்மவேல் எவ்வாறு உயிர் பிழைத்தான் என்பதைக் கூறுவது அம்முடிவுரையே. அது இல்லாத நிலையில், கப்பலோடு அனைவரும் மூழ்கியபின் கதையைச் சொல்வது யார் என்னும் ஐயம் வாசகருக்கு இயல்பாகவே எழும். கதைசொல்லி அறிந்திருக்க முடியாதவற்றை நாவல் கூறுகிறது எனத் தி ஸ்பெக்டேட்டர் இதழ் குறைகூறியது. தி அத்தினியம் இதழும் நூலின் இறுதி நிகழ்வு கையாளப்பட்ட முறையைக் கடிந்தது. ஆசிரியர் எழுதியிருந்த பகுதி அச்சில் இல்லாமற்போனதன் பழி, ஆசிரியரின் கலைத்திறன் மீது சுமத்தப்பட்டது.

எனினும், நூல் வீழ்ந்ததற்கு இதுவே முழுக்காரணம் எனல் பொருந்தாது. முடிவுரை இடம்பெற்றிருந்த அமெரிக்கப் பதிப்பும் வணிக வெற்றி பெறவில்லை. நாடகம், அறிவியல் விளக்கம், தத்துவ விசாரணை ஆகியவற்றை ஒன்றாகக் கலந்த வடிவம், கடற்பயணக் கதையை எதிர்பார்த்த வாசகரை விலக்கியது. 1853 டிசம்பரில் ஹார்ப்பர் நிறுவனத்தில் நேர்ந்த தீவிபத்தில் மெல்வில் நூல்களின் இருப்பும் எரிந்தது. பாடக்குறை, வடிவப் புதுமை, பதிப்புத்துறை இடர் எனப் பல காரணங்கள் சேர்ந்தே அவர் நிலையைத் தாழ்த்தின எனக் கொள்வதே பொருத்தமாகும்.

மௌனம் என்னும் கற்பிதம்

1857இல் தி கான்ஃபிடன்ஸ்-மேன் வெளிவந்தபின் மெல்வில் தம் வாழ்நாளில் வேறு நாவல் எதனையும் வெளியிடவில்லை. 1866 இறுதியில் நியூயார்க் சுங்கத்துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து, நாளொன்றுக்கு நான்கு டாலர் ஊதியத்தில் தொடங்கி, 1885 வரை பணியாற்றினார். இக்காலத்தை அவரது மௌனக் காலம் என்பர் சிலர். ஆனால் 1866இல் உள்நாட்டுப் போரைப் பற்றிய கவிதைத் தொகுப்பும், 1876இல் ஏறத்தாழ 18,000 அடிகள் கொண்ட கிளாரெல் என்னும் நெடுங்கவிதையும் வெளிவந்தன. 1888இலும் 1891இலும் தலைக்கு 25 படிகளே அச்சிடப்பட்ட இரு சிறு கவிதை நூல்களும் வந்தன. ஆகவே மௌனம் என்பது உண்மையில் வாசகர் சந்தையின் மௌனமே. எழுத்தாளர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். நாவலை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட மதிப்பீடு, அவரது எழுத்து வாழ்வின் பிற்பாதியைக் காணத் தவறிவிடுகிறது.

மீட்பும் பிழையும்

ரேமண்ட் வீவர் 1921இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு மெல்வில் மீட்சிக்கு வழிவகுத்தது. மெல்வில் முடிக்காமல் விட்டுச்சென்ற பில்லி பட் கையெழுத்துப்படியைக் கண்டு, 1924இல் முதன்முதலாக அச்சிட்டவரும் அவரே. அடித்தல்களும் திருத்தங்களும் நிறைந்த அப்படியை வாசிப்பது எளிதன்று. வீவர் பதிப்பு ஒரு முன்னுரையோடு தொடங்கியது. 1962இல் ஹாரிசன் ஹேஃபோர்ட், மெர்ட்டன் சீல்ட்ஸ் ஆகியோர் தாள்வாரியாக ஆராய்ந்து வெளியிட்ட பதிப்பு, அம்முன்னுரை கதையின் பிற்பகுதியிலிருந்து ஆசிரியரே நீக்கிய பகுதி எனக் காட்டியது. கப்பலின் பெயரும் இண்டாமிடபிள் என்பதிலிருந்து பெல்லிபோட்டன்ட் என மாறியது.

இம்மாற்றங்கள் சிறியன அல்ல. பில்லிக்கு மரண தண்டனை விதிக்கச் செய்யும் கப்பல் தலைவர் வியரை ஆசிரியர் ஏற்கிறாரா, எள்ளுகிறாரா என்பது இக்கதை பற்றிய நீண்ட விவாதம். புரட்சிக் காலத்தைப் பற்றிப் பேசும் ஒரு பகுதி முகப்பில் நிற்கும்போது, வாசகர் வியரின் செயலை வரலாற்றுச் சூழலில் வைத்தே தொடக்கம் முதல் எடைபோடுவர். அது அங்கில்லாதபோது கதை ஒரு மாலுமியின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் திறனாய்வாளர் விவாதித்த பனுவலின் வாயில், ஆசிரியர் அமைத்ததன்று.

மற்றொரு சான்றும் எண்ணத்தக்கது. புகழ்பெற்ற திறனாய்வாளர் எஃப். ஓ. மத்தீசன் 1941இல் ஒயிட்-ஜாக்கெட் நாவலில் கடல் உயிர் ஒன்றுக்கு அடையாக வந்த 'அழுக்குற்ற' எனப் பொருள்படும் சொல்லை மெல்வில்லுக்கே உரிய கற்பனையாற்றலின் வெளிப்பாடாகப் பாராட்டினார். மெல்வில் எழுதியதோ 'சுருண்ட' எனப் பொருள்படும் சொல். ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்றே வேறுபாடு. மத்தீசன் பயன்படுத்திய பிற்காலப் பதிப்பின் அச்சுப்பிழை 1949இல்தான் சுட்டிக்காட்டப்பட்டது. 1851இல் அச்சுக்குறை ஆசிரியரின் குறையாகக் கருதப்பட்டது; 1941இல் அச்சுப்பிழை ஆசிரியரின் நிறையாகக் கருதப்பட்டது. இரண்டிலும் தவறு ஒன்றே: பாடம் சரிபார்க்கப்படுவதற்கு முன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது.

முடிவுரை

மெல்வில்லின் வாழ்வை வீழ்ச்சி, மௌனம், மீட்சி என மூன்று கட்டங்களாகப் பகுப்பது நினைவில் கொள்ள எளிது. ஆயினும் வீழ்ச்சியில் அச்சுக்கூடத்திற்கும் பங்குண்டு. மௌனம் எனப்பட்ட காலத்தில் கவிதை எழுதப்பட்டது. மீட்சி புதிய பிழைகளையும் உடன் கொணர்ந்தது. மூலபாட ஆய்வு திறனாய்வுக்குப் பின்வரும் துணைப்பணி அன்று; திறனாய்வு நிற்பதற்கான நிலமே அதுதான். குறிப்பாக, மொழிபெயர்ப்பின் வழியாகவோ மலிவுப் பதிப்பின் வழியாகவோ அயல்மொழி நாவல்களைப் பயிலும் ஆய்வாளர், தம் கையிலிருப்பது எந்தப் பதிப்பின் பாடம் என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.