சிறு வயது முதலே...

கருக்களாச்சேரியிலிருந்து ஓர் இளைஞர் இரண்டு ஃபைல்கள் அனுப்பியிருந்தார். காரைக்காலின் மீனவ கிராமங்களில் ஒன்று. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஜெர்மனியில் மெட்டீரியல் சயன்ஸ் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். முதல் ஃபைல் அவரே எழுதிய 'மோட்டிவேஷன் லெட்டர்'. இரண்டாவது, அதை ஒரு கன்சல்டன்சி காசு வாங்கிக்கொண்டு 'டெவலப்' பண்ணிக் கொடுத்தது. 'எது சார் தேவலை?' என்று கேட்டிருந்தார்.

இதற்கெல்லாமா விமர்சனம் என்று நினைக்காதீர்கள். கதை, கவிதை பக்கமே போகாத எத்தனையோ இன்ஜினீயர்கள் வாழ்க்கையில் தன்னைப் பற்றி எழுதும் ஒரே உரைநடை இதுதான்.

கன்சல்டன்சி கடிதம் 'சிறு வயது முதலே எந்திரங்கள் மீது எனக்குத் தீராத காதல்' என்று ஆரம்பிக்கிறது. அடுத்த பாரா முழுக்க ஜெர்மனி புகழ். ஒரு சின்ன பரிசோதனை செய்து பார்த்தேன். 'ஜெர்மனி'யை அடித்துவிட்டு 'ஆஸ்திரேலியா' என்று போட்டேன். வேறு ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது இந்த மாதிரிக் கடிதத்தை சாட்ஜிபிடி இலவசமாகவே எழுதித் தருகிறது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது பாராவில்தான் திடுக்கிட்டேன். '2004 சுனாமியின் கோரத்தை நேரில் கண்ட நான், அன்றே ஒரு முடிவெடுத்தேன்...'

போன் பண்ணிக் கேட்டேன். "சார், அப்ப எனக்கு ஒண்ணரை வயசு. ஒண்ணுமே ஞாபகம் இல்லை. மீனவ கிராமம்னதும் அவங்களே சேர்த்துட்டாங்க. 'ஸ்டோரி வேணும் தம்பி'ன்னாங்க. எங்க தெருவுல பிள்ளையைப் பறிகொடுத்தவங்க இருக்காங்க சார்."

காரைக்கால் கரையில் அன்று நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அதை ஒரு சீட்டுக்கான சிபாரிசாக மாற்றியிருக்கிறார்கள். மட்டமான நாவல்கள் செய்கிற அதே காரியம்தான்; நாவலில் கையெழுத்துப் போட்டு 'இதெல்லாம் உண்மை' என்று சொல்ல வேண்டியதில்லை. மாணவர் சொல்ல வேண்டும். மார்க் ஷீட் அசலா என்று பார்க்க ஏபிஎஸ் இருக்கிறது (இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய்). கடிதம் அசலா என்று பார்க்க ஆபீஸ் கிடையாது.

இனி அவரே எழுதியது. குறைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கிலீஷ் தள்ளாடுகிறது. பாதிப் பக்கம் மார்க் லிஸ்ட். அதுவும் வீண், மார்க்கை அவர்களே ஒரு ஃபார்முலாவில் போட்டு மாற்றிக்கொள்வார்கள். அங்கே 1 என்பது ஃபர்ஸ்ட் கிளாஸ், 4 ஜஸ்ட் பாஸ். பத்துக்கு ஏழரை வாங்கி, பாஸ் மார்க் ஐந்து என்றால் ஜெர்மன் கணக்கில் இரண்டரை.

ஆனால் நடுவில் ஒரு பாரா இருக்கிறது. அப்பாவின் ஃபைபர் போட். இன்ஜினிலிருந்து தண்ணீருக்குள் நீளும் ஷாஃப்ட், உப்பில் அரித்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போய்விடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுப் பார்த்தார்கள். துரு குறைந்தது, ஆனால் குழி குழியாக விழுந்தது. காலேஜில் ஏன் என்று கேட்டதற்கு 'குளோரைடு' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்ததாம். 'மீதி வார்த்தைகளுக்காக விண்ணப்பிக்கிறேன்' என்று முடிக்கிறார்.

இதற்கு மேல் என்ன மோட்டிவேஷன் வேண்டும்? கன்சல்டன்சி இந்தப் பாராவைத்தான் முழுசாக வெட்டியிருக்கிறது. 'ரொம்ப லோக்கலா இருக்கு' என்றார்களாம். அட்மிஷன் கமிட்டிக்காரர்கள் தேடுவது, இந்தப் படிப்பில் எந்தப் பாடம் உனக்கு எதற்கு வேண்டும் என்பதைத்தான். அரிப்பைப் பற்றிய பாடத்தின் பேரை இந்தப் பாராவோடு சேர்த்தால் போதும்.

காரைக்காலுக்கு வடக்கே பக்கத்திலேயே தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1714-ல் ஊர் திரும்பும்போது மலையப்பன் என்ற தமிழரையும் கூட்டிக்கொண்டு போனார். 1716-ல் ஹாலே நகரில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சானது. மலையப்பனுக்குச் சொந்த ஊர்த் தமிழ்தான் தகுதி. லோக்கல் என்று அவரை யாரும் வெட்டிவிடவில்லை.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ட்யூஷன் ஃபீஸ் இல்லை என்பது உண்மை. (பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017-லிருந்து வெளிநாட்டு மாணவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ; மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024-ல் ஆரம்பித்துவிட்டது.) ஆனால் யூனி அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30. விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. பத்து லட்சத்துக்கு மேல். அப்பா இதற்குத்தான் கடன் கேட்டு அலைகிறார். இவ்வளவு கொடுத்துப் பொய்யையும் கூடவே அனுப்புவானேன்?

மார்க் லிஸ்ட்டை வெட்டுங்கள், ஷாஃப்ட்டை முதல் பாராவுக்குக் கொண்டு வாருங்கள், சுனாமி வேண்டாம் என்று எழுதினேன். நாலு நாளில் திருத்தி அனுப்பினார். எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் 'இரண்டு வருஷம்' என்பது 'ஒன்றரை வருஷம்' ஆகியிருந்தது. கேட்டேன்.

"அப்பாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன் சார். 'ரெண்டு வருஷம் எங்கடா வருது? ஒண்ணரைதான்'னாரு."