புண்பட்ட இரைப்பைக்கு எந்தத் தீவனம்? – பிண்ணாக்கு, தவிடு, கொள்ளு: ஒரு மதிப்பீடு

குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும் சிறிய பை; தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்க, அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. நெடுந்தீவில் கட்டற்று மேயும் குதிரைகளுக்கு இயல்பாக அமைந்த இந்தக் காப்பு, பந்தயக் குதிரைகளைப் போலக் கொட்டிலில் நின்று வேளைக்கு வேளை தானியம் தின்னும் குதிரைகளுக்கு அமைவதில்லை. இரைப்பையின் மேற்பகுதியில், சளிப்படலம் இல்லாத உட்சுவரை அமிலம் அரிப்பதால் புண் உண்டாகிறது. மாச்சத்தை நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது வேறு அமிலங்களும் சேர்வதால், மெலிந்த குதிரையைத் தேற்றவென்று தானியத்தைக் கூட்டுவது புண்ணையே வளர்க்கிறது.

எனவே இத்தகைய குதிரைக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வேளைக்கு 1 கிராம், ஒரு நாளைக்கு 2 கிராம் என்ற அளவை மாச்சத்து தாண்டலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பாகும். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், தேற்றாத்தீவு என்னும் ஊர் அமைந்துள்ள எழுவான்கரையில் தென்னையும், மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நெல்லும் விளைவதால், அவற்றின் உபபொருள்களான தேங்காய்ப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் இங்கு முதலில் மதிப்பிடத்தக்கவை.

கொப்பராவிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் தேங்காய்ப் பிண்ணாக்கில் மாச்சத்து மிகக் குறைவு. புரதம் ஏறத்தாழ 20 சதவீதமும், செக்கிலோ ஆலையிலோ பிழிந்ததாயின் எண்ணெய் ஏறத்தாழ 8 சதவீதமும் இருப்பதால், அமிலத்தைத் தூண்டாமல் சக்தியைத் தருகிறது. நீரில் ஊறவைத்தால் உப்பி மென்மையாகும் இது தின்பதற்கும் எளிது. லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவாக இருப்பதும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு உருவாகக்கூடும் என்பதும் இதன் குறைகள். கட்டியாக இறுகியதையும் புழுங்கல் வாடை வீசுவதையும் வாங்கலாகாது.

அரிசித் தவிட்டில் எண்ணெய் மிகுதியெனினும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாச்சத்தும் உண்டு. தீட்டிய உடனேயே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால் பச்சைநெல் தவிடு விரைவில் காறிப்போகும். புழுங்கல் நெல்லின் தவிட்டில் அந்நொதி வெப்பத்தால் செயலிழந்திருப்பதால் இச்சிதைவு தாமதமாகிறது. ஒரு பிடியை நீரிலிட்டால் மிதந்து வரும் உமியைக்கொண்டு கலப்படத்தை அறியலாம். தவிட்டில் பொஸ்பரஸ் மிகுந்து கல்சியம் மிகக் குறைவதால், எலும்பு பலவீனமடையாதிருக்க ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 60 கிராம் தீவனச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பது அவசியம்.

வழிவழியாகக் குதிரைத் தீனியாக விளங்கும் கொள்ளு புரதம் மிக்கதாயினும், அதன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாச்சத்தாகும். 300 கிலோ குதிரைக்கு ஒரே வேளையில் ஒரு கிலோ கொடுத்தாலே மேற்கூறிய வரம்பு எட்டப்பட்டுவிடும். மலிவாகக் கிடைக்கும் மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ மாற்றாகக் கொள்ளவே கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து குதிரையின் இதயத்தசையைச் சிதைத்து உயிரையே பறிக்கும்.

இவற்றுள் எதுவும் புல்லுக்கு ஈடாகாது. உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம், அதாவது 300 கிலோ குதிரைக்கு உலர்ந்த நிலையில் 4.5 கிலோ புல், நாள் முழுதும் பரவலாகக் கிடைக்கவேண்டும். தமிழ்நாட்டில் குதிரை மசால் எனப்படும் லூசர்ன் கிடைக்குமிடத்தில், அதன் கல்சியமும் புரதமும் அமிலத்தைத் தணிப்பதால் அதில் ஒரு பங்கைச் சேர்ப்பது நன்று.

மூட்டையின் விலையை மட்டும் நோக்காது, மாச்சத்தைக் கூட்டாமல் எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்று கணக்கிட்டால் தேங்காய்ப் பிண்ணாக்கே முதலிடம் பெறுகிறது. புதிய தவிடு சிறு துணையாகலாம். கொள்ளு புண் ஆறும்வரை ஒதுக்கப்படவேண்டும். பிண்ணாக்கை 200 கிராமில் தொடங்கி இரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதே முறை. தீவனம் புண்ணை ஆற்றும் மருந்தன்று. உள்நோக்குக் கருவியால் புண்ணை உறுதிசெய்து, ஒமெப்ரசோல் போன்ற மருந்தை மிருக வைத்தியரின் ஆலோசனையுடனேயே கொடுக்கவேண்டும்.