தெரிந்தெடுப்பவர் யார்?

கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவில் மணிலா மூட்டையை இறக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறான் உழவன். சென்னையிலுள்ள மகளின் முகம் அதிலே தோன்றிப் பேசுகிறது. ‘இனிவரும் உலகம்’ படித்தோர்க்கு இது வியப்பன்று. கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் பையிலும் இருக்கும், உருவங்கண்டு பேசலாம் என 1940களிலேயே எழுதினாரே பெரியார்! சேர்க்கையின்றிக் கருவுண்டாகும் என்றார். 1978இல் இங்கிலாந்தில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

ஆனால், தோழர்களே, நூலில் ஓர் இடம் நம்மை உறுத்த வேண்டும். உடலும் அறிவும் வாய்ந்த மக்களைத் தெரிந்தெடுத்துப் பெருக்கலாம் என்கிறார். தெரிந்தெடுப்பவர் யார்? அதைக் கேளாமலே கடக்கிறது நூல்.

வந்தது ஸ்கேன். உலோகத்தில் வெடிப்புக் காணும் ஒலியலைக் கருவியை, 1950களில் கிளாஸ்கோவில் வயிற்றுக்கட்டி காணத் திருப்பினார் மருத்துவர் இயன் டொனால்டு. பின்னர் அது எத்தனையோ தாய்மாரைக் காத்தது. வரதட்சணைக்கு அஞ்சும் வீட்டாரோ அதனிடம் கேட்டது, ஆணா பெண்ணா என்று! கேட்டவன் பாமரன் என்போம். விடை சொன்னவன் பட்டதாரியல்லவா? 1994இல் தடைச்சட்டம் பிறந்தது. ஆயினும், ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2001இல் 927 ஆயினர். நம் திருவண்ணாமலையிலேயே 2018இல் இக்கொடுமைக்காகக் கைதானோர் உண்டு.

விடுபட்ட அத்தியாயம் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இருக்கிறது: சொத்துரிமை. அவ்விரண்டையும் தனித்தனியே படித்த குற்றம் நம்முடையது. தமிழ்நாட்டில் 1989இல் அது சட்டமுமாயிற்று. அந்த உழவனின் நிலத்தில் அம்மகளுக்குப் பங்கு எழுதியாயிற்றா?