பழைய சி.டி.யில் கிடைத்த கல்கத்தா

ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டின் பழைய இசைத்தட்டுக் கடைகளைப் பற்றி இவ்வூர்த் தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில வருஷங்களுக்கு முன், அங்கே உறை கிழிந்த கஜல் தட்டுகளுக்கு நடுவே ஒரு சி.டி. கிடைத்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட் 1996-இல் வெளியிட்ட 'ப்ளூ ஜூஸ்'. ஜாஸும் ஃபங்க்கும் கலந்த அரிய பழைய பதிவுகளின் தொகுப்பு. பாட்டுப் பட்டியலில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' என்று ஒரு தலைப்பு. பக்கத்தில் ஆனந்த சங்கர் பெயர். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க்காரர் தாதா!" என்றார். நம்ம ஊர்க்காரரைக் கேட்க, ஒரு வெளிநாட்டுத் தொகுப்பு சுற்றிச்சுற்றி நம் தெருவுக்கே வரவேண்டியிருந்தது.

ஆனந்த சங்கர் 1942-இல் அல்மோராவில் பிறந்தவர். நடன மேதை உதய சங்கருக்கும் அமலாவுக்கும் மகன். அப்பா 1948-இல் வெளியிட்ட 'கல்பனா' படம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. லலிதா, பத்மினி சகோதரிகள் அதில் ஆடினார்கள். சித்தப்பா ரவி சங்கர். ஆனால் பிள்ளை சிதார் கற்றது காசியில், லால்மணி மிஸ்ராவிடம். இது முக்கியம். சித்தப்பாவின் நிழலில் வாசித்த கை அல்ல அது.

1970-இல் ரிப்ரைஸ் நிறுவனத்துக்காக அவர் செய்த முதல் தட்டை நான் அவ்வளவாக மெச்சமாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்', டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' இரண்டையும் சிதாரில் வாசித்திருக்கிறார். பாடகர் பாடவேண்டிய மெட்டைச் சிதார் சுமக்கிறது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிக்கும் நாதஸ்வரம் மாதிரி. மெட்டு தெரிகிறது, வாத்தியம் தெரிவதில்லை.

1975-இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' வேறு ஜாதி. 'ப்ளூ ஜூஸ்' எடுத்துக்கொண்ட இரண்டு பதிவுகளும், அதாவது 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா', 'டான்சிங் டிரம்ஸ்' இரண்டும், இதிலிருந்துதான். இங்கே மட்டும் கலவை ஏன் ஒட்டுகிறது? ஜாஸில் சுரக்கூட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். சிதாருக்கோ ஆதார சட்ஜம் ஒன்றே. இரண்டும் இழுபறிதான். ஃபங்க் அப்படியல்ல. ஜேம்ஸ் பிரவுன் வழிவந்த அந்தப் பாணியில் பேஸ் கிடார் ஒரே இடத்தில் நின்று சின்னச் சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். முதல் அடியில் அழுத்தம் விழும். நம் காதுக்கு அது தம்புராவும் சமமும்தானே? நான்கு அடிகளின் இரண்டு சுற்றை ஓர் ஆவர்த்தனமாக வைத்துக் கையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், வழுக்காமல் உட்காரும். அந்தத் தரையில் சிதார் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரராக நடமாடுகிறது.

குறையும் உண்டு. ஒரு பல்லவியை எடுத்துச் சங்கதி சங்கதியாக வளர்ப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு, இவர் ஒரு பிடியைப் பிடித்து அதிலேயே நிற்பது பசியோடு பாதியில் எழுந்தது போலிருக்கும். ராகம் விரியும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே. தெருவில் டிராம் போகிற வேகத்தைக் கேட்கிறோம் என்று நினைத்தால் குறை தெரியாது.

நம் வீடுகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கலப்படம்'. நண்பர் ஒருவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சங்கீதமா சார்?" என்றார். அவர் வயலின் ரசிகர். பாலுசாமி தீட்சிதர் அந்தச் சீமை வாத்தியத்தை எடுத்தபோதும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். 70-களில் பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸில் உஷா ஐயர், பிற்பாடு உஷா உதுப், புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடிய ஊர் இது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நாம் தினமும் கலந்துதான் பேசுகிறோம், சமைக்கிறோம். கலந்தது ஒட்டியதா, ஒட்டவில்லையா என்று மட்டும் பார்த்தால் போதாதா?

90-களில் லண்டன் நடன அரங்குகள் அந்தத் தட்டைத் தேடி எடுத்தன. 'ஸ்டேட் ஆஃப் பெங்கால்' குழுவோடு அவர் பிரிட்டனில் வாசித்தார். 1999-இல் மாரடைப்பு. அவர்களோடு செய்த 'வாக்கிங் ஆன்' அவர் மறைவுக்குப் பிறகே வந்தது. 1975 தட்டு 2005-இல் சி.டி.யாக மறுபடி வெளியாயிற்று. கிடைத்தால் 'டான்சிங் டிரம்ஸ்' முதலில் போடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே வையுங்கள். மேல்மாடி மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடலாம்.